தாத்தாவோட எக்ஸ்ரே: தங்கவயல்ல இருந்து படவேடு வரைக்கும் ஒரு குடும்பக் கதை

போன வாரம் ஓ.பி.யில ஒருத்தர் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். ஐம்பது வயசு இருக்கும். மஞ்சப்பையில பழைய சீட்டு நாலஞ்சு, மடிச்சு மடிச்சு ஓரம் கிழிஞ்ச கவர்ல ஒரு எக்ஸ்ரே.

இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை காசநோய் மாத்திரை முழு கோர்ஸ் சாப்பிட்டிருக்கார். ரெண்டு தடவையும் சளிப் பரிசோதனையில கிருமி தெரியல. எக்ஸ்ரேவைப் பார்த்து ஆரம்பிச்ச வைத்தியம். மூச்சு வாங்கறது மட்டும் குறையவே இல்ல.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"வாட்ச்மேன் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"கல்லு ஒடைக்கிற மிஷின்ல சார். இருவது வருசம் இருக்கும்."

எக்ஸ்ரேவை வெளிச்சத்துல மாட்டினேன். ரெண்டு நுரையீரலோட மேல் பாதியிலயும் பொடிப் பொடியா வெள்ளைப் புள்ளிங்க. இந்தப் படத்தை நான் முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ஏழு வயசு. அதை நெஞ்சுப் படம்னு நினைச்சுப் பார்க்கல. அது வழியா சூரியனைப் பார்த்தேன்.

இந்தத் திரெட் நீளம் மக்களே. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

1995 அக்டோபர் 24. தீபாவளி நேரம். காலையில சூரிய கிரகணம். எங்க லைன்ல இருந்த பசங்க எல்லாருக்கும் கிரகணம் பார்க்க ஆசை. யார் வீட்டுல எக்ஸ்ரே ஃபிலிம் இருக்குன்னு தேடினாங்க. எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில அடியில ஒண்ணு இருந்தது. தாத்தாவோடது. எடுத்துட்டு ஓடினேன். திண்ணையில உட்கார்ந்திருந்த தாத்தா, "இன்னாடா, என் நெஞ்சு வழியாவா சூரியன பாக்கற?"ன்னு சிரிச்சார். சிரிப்பு இருமல்ல போய் முடிஞ்சது. அவர் சிரிச்சா எப்பவும் அப்படித்தான் முடியும்.

(டாக்டரா ஒரு இடைச்செருகல்: எக்ஸ்ரே ஃபிலிம் வழியா கிரகணம் பார்க்காதீங்க. விழித்திரை வெந்துபோறப்போ வலிகூட தெரியாது. நாங்க தப்பிச்சது அதிர்ஷ்டம்.)

நான் பிறந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் வளர்ந்தது கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப்.னு சொன்னா இப்போ எல்லாரும் 2018ல வந்த படத்தைத்தான் சொல்றாங்க. தாடி, சுத்தியல், பின்னணி இசை. 2024ல 'தங்கலான்' வந்த பிறகு கொஞ்சம் பேருக்காவது, "ஓ, அங்க போனவங்க வட ஆற்காட்டுத் தமிழங்களா"ன்னு தெரிஞ்சது. ஆமாங்க. எங்க ஆளுங்கதான். என் தாத்தா படவேட்டுக்காரர்.

படவேடு எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். கண்ணமங்கலம், சந்தவாசல் பக்கம். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணி எங்களுக்குப் பெரிய டவுன். ரேணுகாம்பாள் கோயில், ஆடி வெள்ளி, வாழைத்தோப்பு. 13, 14ம் நூற்றாண்டுகள்ல சம்புவராயர்களோட தலைநகரம். படை இருந்த வீடு, படைவீடு. 1360கள் வாக்குல விஜயநகரத்து குமார கம்பணன் படையெடுத்து வந்த பிறகு அந்தப் பெருமை போச்சு. 1989ல மாவட்டம் பிரிச்சப்போ 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்'னு பேர் வச்சாங்க, பிறகு அந்தப் பேரும் போச்சு. ஒரு ஊர் பெருசா இருந்து காலியாகறது படவேட்டுக்குப் புதுசில்ல.

சரி, இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, வேற ராஜா நாட்டுல இருந்த சுரங்கத்துக்கு எங்க ஆளுங்க ஏன் போனாங்க?

முதல்ல தங்கத்தோட கதை. 1799ல திப்பு விழுந்த பிறகு மைசூர் எல்லைகளை அளக்க வந்தவங்கள்ல ஒருத்தர் லெப்டினன்ட் ஜான் வாரன். இந்தப் பக்கம் மண்ணுல தங்கம் கிடைக்குதுன்னு கேள்விப்பட்டு, காட்டறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சார். கிராமத்துக்காரங்க மாட்டு வண்டியில மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாடியே அலசிக் காட்டினாங்க. துகள் மின்னிச்சு. இது 1802. அதாவது உள்ளூர் ஆளுங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயத்தை வெள்ளைக்காரர் 'கண்டுபிடிச்சார்'. வழக்கம்போல.

அதுக்கு அப்புறம் எழுபது வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கல. நியூசிலாந்துல மாவோரி மக்களோட நடந்த சண்டையில இருந்து வந்து பெங்களூர்ல தங்கியிருந்த மைக்கேல் லாவெல்னு ஒரு ஐரிஷ்காரர், வாரன் எழுதினதைப் படிச்சுட்டு 1870கள்ல மைசூர் அரசுகிட்ட தோண்ட உரிமை வாங்கினார். அவர்கிட்ட காசு பத்தல. கை மாறி, 1880ல லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனிகிட்ட வந்தது. அங்கிருந்துதான் நிஜமான கே.ஜி.எஃப். ஆரம்பம்.

இப்போ எங்க பக்கம் வருவோம். 1876ல இருந்து 78 வரைக்கும் பஞ்சம். நம்ம பாட்டிங்க 'தாது வருசப் பஞ்சம்'னு சொல்லுவாங்களே, அதுதான். சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. வட ஆற்காட்டுல நிலம் இல்லாம அடுத்தவன் நிலத்துல உழைச்சு, கூலியா கூழு வாங்கிக் குடிச்சிட்டிருந்த ஆதி திராவிடக் குடும்பங்களுக்கு அந்தக் கூழும் இல்லாம போச்சு. அந்தச் சமயத்துல தினக்கூலி காசா தர்ற ஒரு இடம் பக்கத்துலயே திறக்குது. மேஸ்திரிங்க கிராமம் கிராமமா வந்து ஆள் எடுத்தாங்க. சித்தூர், சேலம் பக்கத்துல இருந்தும் போனாங்க. இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல அங்க முப்பதாயிரம் பேர் வரைக்கும் வேலை பார்த்தாங்க. பூமிக்கு அடியில இறங்கினவங்க பெரும்பாலும் நம்மாளுங்க.

என் குடும்பமும் அப்படித்தான். தாத்தாவோட தாய்மாமன் தலைமுறை பேர்ணாம்பட்டு வழியா நடந்தே போனாங்களாம். தாத்தா போனது 1940கள்ல, அப்போ ரயில் இருந்தது. காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை, அங்கிருந்து மாரிகுப்பம் வண்டி. அந்தக் கடைசித் துண்டு தண்டவாளம் சுரங்கத்துக்காகவே 1894ல போட்டது.

வறுமை மட்டும்தான் காரணம்னு சொன்னா பாதி உண்மைதான். தாத்தா சொன்ன ஒண்ணை இங்க பதிவு பண்றேன். தங்கவயல்ல அவருக்குக் கிடைச்ச முதல் பெரிய சொத்து ஒரு ஜோடி பூட்ஸ். ஒரு ஆடிக்கு அதைப் போட்டுகிட்டே ஊருக்குக் கிளம்பியிருக்கார். சந்தவாசல்ல இறங்கினதும் கழட்டிப் பையில போட்டுகிட்டார். ஊர்த்தெருவுல நம்மாளு செருப்பு போட்டு நடக்க முடியாத காலம் அது. திரும்பி மாரிகுப்பம் வந்து இறங்கினதும் மறுபடி போட்டுகிட்டார். "அங்க போனா மூச்சு வாங்கும், இங்க வந்தா மூச்சு முட்டும்"னு ஆயா இதைச் சொல்லிச் சிரிக்கும்.

(எங்க பக்கம் பாட்டியை ஆயான்னும் அப்பாவை நைனான்னும் கூப்பிடுவோம்.)

அந்த மண்ணுல படிப்பும் வளர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல சென்னையில தொடங்கின 'தமிழன்' பத்திரிகைக்கும் அவரோட பௌத்த சங்கத்துக்கும் தங்கவயல் ஒரு பெரிய தூண். அவர் காலத்துக்குப் பிறகு அப்பாதுரையார் அந்தப் பத்திரிகையை தங்கவயல்ல இருந்தே கொண்டுவந்தார். பண்டிதரோட நூல்களை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சடிச்சது. பகல்ல பாறையை உடைச்சவங்க சாயங்காலம் சங்கத்துல உட்கார்ந்து படிச்சாங்க. தமிழ்நாட்டு வரலாறு பேசறப்போ இந்த ஊரைக் கர்நாடகாவுல இருக்குன்னு விட்டுடறோம்.

எதிர்ப்பும் வளர்ந்தது. தங்கம் திருட்டுன்னு சொல்லித் தொழிலாளிங்களை எப்பவும் சோதனை போடுவாங்க. 1930ல எல்லாரோட கைரேகையையும் பதியணும்னு கம்பெனி சொன்னதும், "நாங்க என்ன குற்றவாளியா?"ன்னு ஆயிரக்கணக்கானவங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க. கட்சி, தலைவர்னு பெருசா யாரும் இல்லாத காலத்துல நடந்த போராட்டம் அது.

இன்னொரு விஷயம், எனக்குப் பிடிச்சது. 1902ல சிவசமுத்திரத்துல தண்ணியில இருந்து மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து தங்கவயலுக்குக் கொடுத்தாங்க. பெங்களூருக்கே கரண்ட் வந்தது 1905லதான். ஆனா ஆயா கல்யாணமாகி அந்த லைன் வீட்டுக்கு வந்தப்போ, உள்ள எரிஞ்சது சிம்னி விளக்கு. கரண்ட் எதுக்கு வந்ததுன்னு புரியுதுங்களா?

லைன் வீடுன்னா வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கற வீடுங்க. ஒரு அறை, சமைக்க ஒரு மூலை, வெளிய திண்ணை. தண்ணிக்கு பொதுக்குழாய், கக்கூஸும் பொது. அதே ஊர்ல மேட்டுல கம்பெனி அதிகாரிங்களோட பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். அதை வச்சுத்தான் 'குட்டி இங்கிலாந்து'ன்னு இன்னைக்கும் பெருமையா எழுதறாங்க. எந்தப் பக்கத்துல நின்னு பார்க்கறோம்கறதைப் பொறுத்தது அது.

எனக்கு அது பத்தியெல்லாம் கவலை இல்ல. குழந்தைக்கு ஊர்னா சத்தமும் வாசனையும்தான். ஷிஃப்டுக்கு ஊதற சங்கு எங்க கடிகாரம். முதல் ஷிஃப்டு சங்குக்கு முன்னாடி அம்மா எழுந்து நைனாவுக்கு டிபன் கேரியர் கட்டும். வீட்டுக்குப் பின்னாடி சயனைடு மேடு. பாறையை மாவா அரைச்சு, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரிச்ச பிறகு மிஞ்சின மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாவே ஆயிடுச்சு. அந்த மாதிரி மேடுங்க ஊர் முழுக்க. மூணு கோடி டன்னுக்கு மேல மண். நாங்க அட்டைப்பெட்டியை அடியில வச்சு அதுல சறுக்கி விளையாடினோம். ஆடிக் காத்துல அந்த மண்ணு பறந்து சோத்துல விழும். பல்லுல நறநறன்னு கடிபடும். ஆயா தட்டை முந்தானையால மூடிகிட்டே சாப்பிடச் சொல்லும்.

அப்புறம் 'ஏர் பிளாஸ்ட்'. ஆழத்துல அழுத்தம் தாங்காம பாறை வெடிக்கறதை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. மேல வீட்டுல பாத்திரம் குலுங்கும். மத்த ஊர்ல அது நில அதிர்வு, தெருவுக்கு ஓடி வருவாங்க. எங்க ஊர்ல பொம்பளைங்க எல்லாம் தெருவுக்கு வந்து ஒரே திசையைப் பார்ப்பாங்க, ஷாஃப்டு இருக்கற திசை. ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குதான்னு. கேக்கலன்னா உள்ள போய் அடுப்பைப் பார்ப்பாங்க. அந்த ரெண்டு நிமிஷம் யாரும் பேச மாட்டாங்க. எனக்கு இப்பவும் ஐ.சி.யூ. வாசல்ல நிக்கற சொந்தக்காரங்க முகத்தைப் பார்த்தா அந்தத் தெருதான் ஞாபகம் வரும்.

எவ்வளவு ஆழம் தெரியுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் மேல. எங்க ஜவ்வாது மலையை மூணு அடுக்கு அடுக்கித் தலைகீழா கவுத்தா வர்ற ஆழம். அடியில பாறையோட சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்விச்ச காத்தை மேல இருந்து அனுப்பித்தான் ஆளுங்க வேலை பார்த்தாங்க. இவ்வளவு ஆழமா இருந்ததாலதான் 1965ல விஞ்ஞானிங்க அங்க கருவி வச்சு, காஸ்மிக் கதிர்கள்ல இருந்து பிறக்கற நியூட்ரினோ துகளை உலகத்துலயே முதல்ல பதிவு பண்ணவங்கள்ல ஒருத்தரா ஆனாங்க. "யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒண்ண பிடிக்க வந்துகினு இருக்காங்க"ன்னு அப்போ பேசிக்குவாங்களாம். தாத்தா அதை நம்பல. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு தன் நெஞ்சுக்குள்ள சேர்ந்துகிட்டிருந்ததும் அவருக்குத் தெரியல.

தாத்தா டிரில்லிங் மிஷின் ஆள். பாறையில ஓட்டை போடறது. அப்புறம் அதுல வெடி வைப்பாங்க. தங்கவயல்ல தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறை இடுக்குல. குவார்ட்ஸ்னா சிலிக்கா.

இப்போ கொஞ்சம் மருத்துவம். நம்ம மூக்கும் மூச்சுக்குழாயும் பெரிய தூசியைத் தடுத்துடும். அரை மைக்ரான்ல இருந்து மூணு மைக்ரான் வரைக்கும் இருக்கற தூசிதான் அடி வரைக்கும் போகும். தலைமுடியோட தடிமன்ல இருபதுல ஒரு பங்குகூட இல்ல. அதைத் தின்னு சுத்தம் பண்ண நுரையீரல்ல காவலாளி செல்கள் இருக்கு. சிலிக்காவைத் தின்ன செல் செத்துடும். செத்த செல்லுல இருந்து வெளிய வந்த அதே துகளை அடுத்த செல் தின்னும், அதுவும் சாகும். அந்த இடத்துல தழும்பு விழும். ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் தழும்பு. எக்ஸ்ரேவுல அதுதான் பனி கொட்டற மாதிரி தெரியற வெள்ளைப் புள்ளிங்க. இதுக்குப் பேர் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். பழைய நிலைக்குத் திருப்பற மருந்து இன்னைக்கு வரைக்கும் இல்ல.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா, பார்க்க காசநோய் மாதிரியே இருக்கும். இருமல், இளைப்பு, எடை குறையும், அதே மேல் பாதியில நிழல். அது போதாதுன்னு, சிலிக்கா செல்களைக் கொன்னுட்டதால நிஜமான காசநோயும் இவங்களுக்குச் சுலபமா ஒட்டிக்கும். ரெண்டும் சேர்ந்தே இருக்கறவங்களும் உண்டு.

எங்க மெடிக்கல் காலேஜ்ல சமூக மருத்துவத்துக்கு பார்க் புத்தகம்னு ஒண்ணு, எம்.பி.பி.எஸ். படிச்ச யாரைக் கேட்டாலும் தெரியும். தலையணை சைஸ். அதுல தொழில்சார் நோய்கள் பகுதியில ஒரு வரி இருக்கு: இந்தியாவுல சிலிக்கோசிஸ் முதல்ல பதிவானது 1947ல, கோலார் தங்கச் சுரங்கத்துல. ஒரு மார்க் கேள்வி. எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பக்கம் போனாங்க. நான் அந்தப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தேடிப் படிச்சேன். 1940கள்ல அங்க ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளிங்களைப் பரிசோதிச்சதுல பத்துல நாலு பேருக்கு மேல இந்த நோய் இருந்திருக்கு. என் தாத்தா சுரங்கத்துல இறங்கின அதே பத்தாண்டு.

அதுவரைக்கும் எங்க குடும்பத்துக்குத் தெரிஞ்ச கதை வேற. தாத்தாவுக்கு டி.பி. அவ்வளவுதான்.

ரிடையர் ஆகறதுக்கு முன்னாடியே அவருக்கு இருமல். சுரங்கத்துத் தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் பரிசோதனையும் நஷ்ட ஈடும் சட்டத்துல இருந்தது. ஆனா பரிசோதனைக்குப் போனா அடியில இறங்க விடமாட்டாங்க, சம்பளம் குறையும், பின்னாடி பையனுக்கு வேலை கேக்க முடியாதுன்னு அவருக்கு பயம். யாரும் அப்படிச் சொன்னாங்களான்னு தெரியாது, அவரா நினைச்சுகிட்டார். அதனால வெளிய ஒரு கிளினிக்ல காட்டினார். எக்ஸ்ரே எடுத்தாங்க. காசநோய்னு மருந்து கொடுத்தாங்க. அந்தக் காலத்துல அந்தப் படத்தைப் பார்த்தா நானும் அதைத்தான் முதல்ல நினைச்சிருப்பேன். தப்பு சொல்லல. மருந்துக்காக ஆயாவோட கம்மல் ராபர்ட்சன்பேட்டை அடகுக்கடைக்குப் போச்சு. திரும்பி வரவே இல்ல.

டி.பி.ன்னதும் வீடு மாறிடுச்சு. தாத்தாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேர் வெட்டின எவர்சில்வர் தட்டு, ஆயாவோட கல்யாணச் சீர்ல வந்தது. அதை மட்டும் வெளிய திண்ணை மாடத்துல கவுத்து வைக்கும். தாத்தா படுக்கை திண்ணையில. அத்தைக்கு வரன் பார்த்தப்போ மாப்பிள்ளை வீட்டார் வர்ற நாள்ல தாத்தாவை பக்கத்து லைன் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பெத்த பொண்ணோட நிச்சயத்துல அவர் இல்ல. எங்களை மடியில உட்கார வச்சுக்க மாட்டார். நாங்க கிட்ட போனா கையால தள்ளி, "தூரமா குந்து, கத சொல்றேன்"பார். கிரகணம் பார்த்த அடுத்த வருஷம், 1996 ஆடியில, உட்கார்ந்த நிலையிலயே போயிட்டார். படுத்தா மூச்சு வராதுன்னு கடைசி ஆறு மாசம் படுக்கவே இல்ல.

அவர் போன பிறகு ஊரும் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமா போச்சு.

ஆரம்ப காலத்துல ஒரு டன் பாறையை அரைச்சா நாப்பது கிராமுக்கு மேல தங்கம். கடைசியில மூணு, நாலு கிராம். எடுக்கற செலவோ ஆழத்தோட சேர்ந்து ஏறிகிட்டே போச்சு. 1956ல மைசூர் அரசு எடுத்துக்கிச்சு, 1962ல மத்திய அரசு, 1972ல பாரத் கோல்டு மைன்ஸ்னு கம்பெனி. ரொம்ப வருஷம் அங்க எடுத்த தங்கத்தை வெளிச்சந்தை விலைக்கு விக்கல, சர்வதேச நிதியத்தோட விலைக்கு அரசே எடுத்துகிச்சு. கணக்குல நஷ்டம் காட்டறதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு. நஷ்டம் நஷ்டம்னு பேசறவங்க இதை ஏனோ சொல்ல மாட்டாங்க. 1992ல நலிவடைஞ்ச நிறுவனங்களுக்கான வாரியத்துக்குப் போச்சு.

சின்னப் பசங்களுக்கு பேலன்ஸ் ஷீட் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சது வேற கணக்கு. வகுப்புல பெஞ்சு காலியாகும். லைன்ல பூட்டின வீடு கூடும். பூட்டின வீட்டுத் திண்ணையில நாங்க கோலி விளையாடுவோம், அப்புறம் அது போரடிக்கும், விளையாட ஆள் இருக்காது. கிரிக்கெட்டுக்கு பதினொரு பேர் சேர்ந்த லைன்ல கடைசியா நாலு பேர்.

2001 பிப்ரவரி 28, புதன்கிழமை. சுரங்கத்தை மூடினாங்க. 120 வருஷம், மொத்தம் 800 டன் அளவுக்கு தங்கம். கடைசியில மிஞ்சியிருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கும் வேலை இல்ல. நைனா சாயங்காலம் வந்து டிபன் கேரியரை அம்மாகிட்ட கொடுத்தார். சாப்பாடு அப்படியே இருந்தது. "நாளைக்கு கட்ட வேணாம்"னார். அம்மா கேரியரைக் கழுவி, துடைச்சு, எப்பவும் வைக்கற ஆணியிலயே மாட்டிச்சு. மறுநாள் காலையில அதே நேரத்துக்கு எழுந்து, என்ன பண்றதுன்னு தெரியாம வாசலைக் கூட்டிச்சு. கூட்டின வாசலை மறுபடி கூட்டிச்சு.

பல பேர் அங்கேயே இருந்து, விடியறதுக்கு முன்னாடி மாரிகுப்பம் ரயிலைப் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போனாங்க. இன்னைக்கும் போறாங்க. நைனா வேற முடிவு எடுத்தார். முழுப் பரீட்சை முடிஞ்சதும் நாங்க படவேட்டுக்கு வந்துட்டோம். அறுபது வருஷத்துக்கு முன்னாடி தாத்தா கிளம்பின அதே காலனி.

ஊர்ல எங்க வீட்டுக்குப் பேரே 'தங்கவயலார் வூடு'. முதல் மாசம் வந்து பார்க்கறவங்க எல்லாரும் கேட்ட கேள்வி, "எவ்ளோ தங்கம் கொண்டாந்தீங்கோ?" அம்மா கழுத்துல மஞ்சக் கயிறுதான். தாலிகூட பெங்களூர்ல செஞ்சது. நைனா ஆரணியில ஒரு அரிசி ஆலையில மூட்டை கணக்கு எழுதற வேலைக்குச் சேர்ந்தார். நெசவுக்காரங்க வீட்டுல பட்டுப் புடவையைப் பார்த்தா நின்னுடுவார். ஜரிகையை விரலால தடவி, "இதுல தங்கம் எவ்ளோ?"ம்பார். வெள்ளிக் கம்பிமேல ஏத்தின முலாம், எடையில ஒரு சதவீதம்கூட தேறாதுன்னு அவங்க சொன்னதும், "ஒரு டன் கல்லுல எங்களுக்குக் கெடச்சத விட இது தேவல"ன்னு சிரிப்பார். அவருக்கும் அந்த நெசவாளருக்கும் அந்த ஒரு விஷயத்துல நல்லா ஒத்துப்போச்சு. அவங்க தெருவுலயும் தறி குறைஞ்சுகிட்டிருந்தது.

2009. நான் எம்.பி.பி.எஸ். படிச்சிட்டிருந்தப்போ லீவுக்கு ஊருக்கு வந்தேன். பார்க் புத்தகத்தோட அந்த வரி மண்டையில ஓடிகிட்டே இருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். தங்கவயல்ல இருந்து வந்த எல்லாமே அதுல அப்படியே இருந்தது. அடியில அந்தக் காக்கி கவர். ஃபிலிம் ஓரத்துல பழுப்பு ஏறியிருந்தது, என் சின்ன வயசு விரல் ரேகைகூட இருந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன்.

புள்ளிங்க. ரெண்டு பக்கமும், மேல் பாதி முழுக்க. நடுவுல நிணநீர்க் கட்டிகளைச் சுத்தி முட்டை ஓடு மாதிரி மெல்லிசா சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோடு சிலிக்கோசிஸோட கையெழுத்து மாதிரி. வாத்தியாருங்க வகுப்புல காட்டறதுக்குத் தேடற படம்.

ஒரு எக்ஸ்ரேவை வச்சு, செத்துப்போனவருக்கு காசநோயே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டும் இருந்திருக்கலாம். ஆனா கல்லு இருந்தது நிச்சயம்.

ஆயாகிட்ட சொன்னேன். அது அப்போ முறத்துல அரிசி புடைச்சிட்டிருந்தது. முழுசா கேட்டுச்சு. கை மட்டும் நிக்கல.

"அப்போ அந்த தட்டு?"ன்னு கேட்டுச்சு.

"தட்டு வழியா ஒட்டாது ஆயா. டி.பி.யே இருந்தாலும் தட்டு வழியா ஒட்டாது. காத்து வழியாத்தான் பரவும், அதுவும் மருந்து சாப்பிட ஆரம்பிச்சா சீக்கிரம் குறைஞ்சுடும்."

முறத்தைக் கீழ வச்சுது. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டுச்சு: "இத்த அந்த மனுசனுக்கு யாருனா சொன்னாங்களா கண்ணு?"

என்கிட்ட பதில் இல்ல. தட்டு இன்னும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. ஆயா 2014ல போன பிறகும் யாரும் அதை எடுத்துப் புழங்கல.

சிலிக்கோசிஸ் இன்னைக்கும் சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில்நோய். 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயும் 1952 சுரங்கச் சட்டத்துலயும் இருந்தது. ராஜஸ்தான் 2019ல இதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்து, சான்றிதழ் வாங்கினவங்களுக்கு 3 லட்சம், இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம்னு நிர்ணயிச்சது. எல்லாத்துக்கும் முதல் படி ஒண்ணுதான்: இந்த ஆளு என்ன வேலை பார்த்தார்னு சீட்டுல எழுதியிருக்கணும். இருமலோட வர்றீங்கன்னா, உங்க வீட்டுல யாராவது குவாரி, கிரஷர், சுரங்கம், மணல் வீச்சு, கிரானைட் பட்டறைன்னு வேலை பார்த்திருந்தா, டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க. இப்போ பார்க்கற வேலையை மட்டும் சொன்னா பத்தாது. பத்து வருஷம் முன்னாடி விட்ட வேலையா இருந்தாலும் சொல்லுங்க.

போன வாரம் வந்த அந்த வாட்ச்மேன் அண்ணனோட சீட்டுல முதல் வரியா எழுதினேன்: கல் உடைக்கும் இயந்திரம், 20 வருடம். சளி மறுபடியும் பரிசோதனைக்கு, மூலக்கூறு முறையில, அனுப்பியிருக்கு. சி.டி. ஸ்கேனுக்கும் நுரையீரல் மருத்துவர்கிட்ட காட்டவும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்.

கிளம்பறப்போ கதவுகிட்ட நின்னு கேட்டார். "அப்போ இது டி.பி. இல்லீங்களா சார்? வூட்ல சொல்லிடட்டுமா? பேரப்புள்ள பக்கத்துல வுட மாட்டேங்கறாங்க."

ரிசல்ட் வியாழக்கிழமை வரும். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.